குழிக்கு ஓர் அம்பு

2024 ஜூலை 8, திங்கட்கிழமை: திருப்பூரை அடுத்த கருப்பராயன் காலனி மூன்றாம் வீதியில், சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட குழிக்குள் பனியன் கம்பெனி வேனின் முன்சக்கரம் இறங்கியது.

மறுநாள் முதல் வேன் வீதிக்குள் வரவில்லை. அந்தக் கம்பெனியின் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் குல்சார் பேகம், முட்டிவலியோடு மெயின் ரோடு வரை முக்கால் கிலோமீட்டர் நடந்தார். வீதிக்காரர்களைத் திரட்டி மூன்று மனு கொடுத்தார். மூன்றுக்கும் பேரூராட்சி மரியாதை குறையாமல் ஒரே பதில் அனுப்பியது: குழி உள்ள இடம் தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை.

“உள்ள விழுந்தவங்களைக் கேட்டாச் சொல்லுவாங்களே,” என்றார் பக்கத்து வீட்டு தண்டாயுதபாணி.

“தப்பு நம்ம மேலதானுங்கண்ணா. அம்பு ஒட்டாம டேமேஜ் பீஸை அனுப்பினா எந்த டெய்லருங்க பார்ப்பாரு?”

ஓட்டை விழுந்த பனியனில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் கம்பெனியில் குல்சாரின் வேலை. ரோட்டில் ஸ்டிக்கர் நிற்காது. அதனால் சிவப்புப் பெயிண்டில் குழியைச் சுற்றி வட்டமும், அதைக் காட்டி ஆறடி அம்பும் வரைந்து, படமெடுத்து நான்காவது மனுவோடு இணைத்தார்.

பேரூராட்சிக்கு இத்தனை வேகம் உண்டென்று யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையிலேயே மேஸ்திரியும் நான்கு ஆட்களும் தாரோடு வந்து இறங்கினார்கள். குல்சார் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார். குடித்துவிட்டு, அம்பின்மேலும் வட்டத்தின்மேலும் சுத்தமாகத் தார் பூசினார்கள்.

“பொது ரோட்டுல அனுமதியில்லாம வரையக் கூடாதுங்கம்மா,” என்றார் மேஸ்திரி.

“அப்ப குழிங்க?”

“அதுக்குத் தனியா மனு குடுங்க. இடத்தை மட்டும் தெளிவாக் குறிச்சிருங்க.”

நான்காவது மனு முடித்துவைக்கப்பட்டது. வேன் இன்றும் மெயின் ரோட்டில்தான் நிற்கிறது.