திரும்பிப் போன விறகு வண்டி

அடுப்பில் குடமிளகாய்களைச் சுட்டுக்கொண்டே ஸ்லாத்தினா தொலைக்காட்சியை எட்டிப் பார்த்தாள். தலைநகர் சோஃபியாவிலிருந்து தேர்தல் விவாதம். நான்கு கட்சித் தலைவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அன்று மாலை யாஸென் கிராமம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தாள் டையைப் பாரு, சந்தைக்கு ஓட்டிட்டுப் போற கன்னுக்குட்டி மாதிரி!" கணவன் காமென் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாத வயிற்றோடு மகள் தெஸிஸ்லாவா சோபாவில் சாய்ந்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியைப் போன வசந்தத்தில் மூடிவிட்டார்கள். இனி மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் போகவேண்டும், அதுவும் பனி விழாமல் இருந்தால்.

விவாதத்தை நடத்திய பெண் அதையேதான் கேட்டாள். "மலைக்கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு எங்கே போவாங்க?"

ஆளுங்கட்சித் தலைவர் புன்னகைத்தார். "அந்த ஜனங்க எங்ககிட்ட ஒரு குறையும் சொன்னதில்லையே! நாலு தேர்தலா எங்களுக்குத்தான் ஓட்டுப் போடுறாங்க. குறை இருந்தா போடுவாங்களா?"

தெஸிஸ்லாவா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் மிளகாய் கருகியது.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை என்பதுதான் ஸ்லாத்தினாவைச் சுட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் வாசலில் ஆளுங்கட்சி அனுப்பும் ஒரு வண்டி விறகு இறங்கும். 'சும்மா கொடுக்கறாங்க, வாங்கிக்கறோம், ஓட்டையா விக்கிறோம்?' என்று தெருவே சொல்லிக்கொள்ளும். அவளும் சொல்லியிருக்கிறாள்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டு ஸ்லாத்தினாவும் காமெனும் வாசலுக்கு வந்தார்கள். கட்சிக்காரன் வெலிச்கோ இரண்டு கட்டைகளை அதற்குள் இறக்கியிருந்தான்.

"அக்கா, இந்த வாட்டி விறகு கூடவே இருக்கு. எல்லாம் பழையபடிதானே?"

ஸ்லாத்தினா மறுப்பாகத் தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினாள். "இறக்காதே."

"குளிருக்கு நாற்காலிய ஒடிச்சு எரிக்கப்போறியாக்கா?"

"எரிப்பேன். நாங்க குறையே சொல்லலையாமே உங்க தலைவர்கிட்ட? இப்ப சொல்றேன், போய்ச் சொல்லு. யாஸென் பொண்ணுங்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வேணும்!"

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்களேன்."

காமென் அவனை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து, இறக்கிய இரண்டு கட்டைகளையும் எடுத்து வண்டிக்குள் வீசினான். "அவ சொன்னது காதுல விழலையா தம்பி? எடு வண்டிய."

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. பிள்ளைகளை ஒற்றையாளாக வளர்க்கும் ரூமென்கா தலையை நீட்டினாள். "என் வீட்டுக்கும் வேணாம்! என்னையும் சேத்துச் சொல்லு!"

வண்டி விறகோடு தெருமுனை திரும்பும்வரை ஸ்லாத்தினா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் தலை அத்தனை நிமிர்ந்து தெஸிஸ்லாவா பார்த்ததில்லை.

"குளிருக்கு என்னம்மா பண்றது?"

"அப்பாவும் நானும் காட்டுல வெட்டிக்கறோம். ஓட்டுக்குக் கூலி வாங்கினவங்களுக்குக் கேள்வி கேக்க வாய் இருக்காதுடி. இனிமே எனக்கு வாய் இருக்கு."