சொர்ணம் சொன்ன வார்த்தை

பாண்டி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் ஹபீபுர் ரஹ்மானுக்குக் கேசட் கடை இருந்தது. கேட்டவர்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பார். மாதம் ஒருமுறை அவரும் சூடாமணியும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ‘ஊர் வம்பு’ என்ற கேலிக் கேசட்டைப் பதிவு செய்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கேசட் ஓடாத டீக்கடை அந்தப் பக்கத்தில் அபூர்வம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வாரியத் தலைவர்கள், அவர்களுடைய மைத்துனர்கள் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை கட்சிக்காரர்கள் வந்து கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த கண்ணாடியை ரஹ்மான் தானே உடைத்து, அந்தச் சத்தத்தைப் பதிந்து, அடுத்த கேசட்டின் தொடக்க இசையாக வைத்துவிட்டார்.

எழுதுவது அவர், பேசுவது சூடாமணி. மயிலாப்பூரில் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்தவள். ஆண் குரல், பெண் குரல், சளி பிடித்த குரல், கழுத்தில் மாலை விழுந்ததும் கனத்துப்போகிற குரல் எல்லாம் அவளுக்கு வரும். கேசட் உறையில் அவள் பெயர் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் அவள் பேசியதைச் சொல்லிச் சிரித்தால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவளும் சிரிப்பாள். வேறு எந்தச் சந்தோஷமும் அவளுக்கு அவ்வளவு சொந்தமாக இருந்ததில்லை.

அந்த வருஷம் ஓர் அமைச்சர் மாட்டிக்கொண்டார். அரசு நிலத்தைத் தன் ஆட்களுக்கே ஒதுக்கிய உத்தரவுகள் வெளியே வந்தன. தனக்கு ஒன்றுமே தெரியாது, அலுவலக டைப்பிஸ்ட் தானாகவே அடித்து மற்ற காகிதங்களோடு கலந்து கையெழுத்துக்கு வைத்துவிட்டாள் என்றார் அமைச்சர். டைப்பிஸ்ட் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள்; விசாரணை தொடங்கியது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவள் படியிறங்கும் படம் பத்திரிகையில் வந்தது.

ரஹ்மானுக்கு இது கரும்பாக இருந்தது. அரசாங்கமே தூங்குகிறது, ஒரு டைப்பிஸ்ட் மட்டும் விழித்திருந்து நாட்டை ஆள்கிறாள் என்று எழுதினார். ஒவ்வொரு ஊழலுக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்வாள்: “ஐயா தூங்கினாரு, நான் டைப் அடிச்சேன்.” சூடாமணி அதை மூக்கால் இழுத்து, கடைசியில் கொஞ்சம் குழைந்து சொன்னாள். ரஹ்மான் சிரிப்பை அடக்க முடியாமல் பதிவை இரண்டு தடவை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஊரே அதைச் சொல்லத் தொடங்கியது. சில்லறை கேட்டால் கண்டக்டர்கள் சொன்னார்கள். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்ட சூடாமணிக்கே அவள் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படித்தான் பதில் சொன்னாள்.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் ரஹ்மான் மதிய லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் சூடாமணி மட்டும் இருந்தாள். மெலிந்த பெண்மணி ஒருத்தி வந்து ‘ஊர் வம்பு’ கேட்டாள். போட்டுக் காட்ட முடியுமா என்றாள். சூடாமணி போட்டாள். அந்தப் பெண் மேஜையில் விரல்களை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள். முடிந்ததும், “அது நான்தாம்மா” என்றாள். “சைதாப்பேட்டை. எம் பேரு சொர்ணம்.”

சூடாமணி கேசட்டை வெளியே எடுத்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “பேசினது நான்தாம்மா. எழுதிக் குடுத்ததைப் பார்த்துண்டு பேசினதுதான், உங்களை எனக்குத் தெரியாது” என்றாள்.

சொர்ணம் கோபப்படவில்லை. விசாரணையில் என்ன நடந்தது என்று சொன்னாள். அமைச்சர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லத்தான் அவள் அடித்தாள். அதைத்தான் அதிகாரியிடம் சொல்லப் போனாள்.

“ஐயா சொன்னாரு, நான் டைப் அடிச்சேன்னேன். அவ்ளோதாம்மா. ரூம்ல கீற அத்தினி பேரும் சிரிச்சுட்டாங்க. அதிகாரி கூட வாயப் பொத்திக்கினாரு. அதுக்கு மேல எனக்குப் பேச்சே வர்ல.” கேசட் உறையைத் தள்ளி வைத்துவிட்டு, “திரும்பக் கூப்ட்டுகீறாங்க. வேற எப்டிச் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

ரஹ்மான் திரும்பி வந்தபோது இருவரும் பின்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். “அமைச்சர் கூறினார், நான் தட்டச்சு செய்தேன்” என்று சூடாமணி சொல்ல, சொர்ணம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டார் அவர். பிறகு மூன்று பேருக்கும் டீ வாங்கிவந்தார். அன்றும் அடுத்து வந்த சில நாட்களும் சொர்ணம் பழகினாள். வார்த்தை அவள் வாயில் நிற்கவில்லை, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டவள் போல் தடுமாறினாள். ஆனாலும் விடவில்லை.

விசாரணை நாளில் சூடாமணி லீவு போட்டுவிட்டுப் போய் வெளி வராந்தாவில் காத்திருந்தாள். வெளியே வந்த சொர்ணம் நிற்காமல் படியிறங்கினாள். கீழே இறங்கி வந்தபிறகு அவளே சொன்னாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அமைச்சரின் வக்கீல்தான் எழுந்து, போன தடவை ஒரு மாதிரிப் பேசினவளுக்கு இப்போது இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கேசட்டில் பேசின அம்மா என்றாள். அவள் சாட்சியம் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

சொர்ணத்துக்கு வேலை போனது போனதுதான். அமைச்சருக்கு வேறு இலாகா கொடுத்தார்கள்.

“மந்திரிய அடிக்கத்தான் எழுதுனேன் மேடம். அவரு மேல ஒரு தூசி படல” என்றார் ரஹ்மான். நடந்ததை நடந்தபடி சொல்லி, சிரிப்பே இல்லாமல் ஒரு கேசட் போட்டார்கள். அதில் சூடாமணி தன் சொந்தக் குரலில் பேசினாள். வாங்கியவர்கள் தப்பாகப் பதிந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழைய டைப்பிஸ்ட் கேசட்தான் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு ‘ஊர் வம்பு’ வரவில்லை.

சில மாதம் கழித்து சூடாமணி சைதாப்பேட்டைக்குப் போனாள். சொர்ணத்தின் புருஷன்தான் கதவைத் திறந்தார். வீட்டில்கூட அவள் பேசுவது குறைந்துவிட்டது, கடைக்குப் போனாலும் கையைக் காட்டித்தான் வாங்குகிறாள் என்று மெல்லச் சொன்னார். உள்ளே சொர்ணம் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சூடாமணியைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

சூடாமணி மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். எந்தக் குரலில் கேட்பது என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்து ஒரு பிடி காயை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினாள். முறத்தில் காய் தீரும்வரை இருவரும் உரித்துக்கொண்டிருந்தார்கள்.