கோவளத்தில் ஒரு நீண்ட ஜெபம்

1968ஆம் ஆண்டு ஜனவரி 27, சனிக்கிழமை. விடியற்காலையில் நல்ல பனி; பின்னர் வாடைக் காற்று மெல்ல வீசிற்று; வானத்தில் மேகம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை.

அத்தகைய குளிரிலும் தாம்பரம் பறவை நேசர் சங்கத்தின் செயலாளர் வேதசிரோமணிக்கு வியர்த்தது. கடலோரத்தில் பறவை பார்க்கத் தகுந்த இடங்கள் யாவை என்று சங்கம் ஒரு பட்டியல் அச்சிட இருந்தது. கோவளத்துக் கழிமுகத்திற்கு முதலிடமும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு இரண்டாம் இடமும் தந்து அதனை எழுதியவர் அவரே. கோவளத்தில் பூநாரைகளைத் தம் இரு கண்களாலும் கண்டதாகவும் குறித்திருந்தார். பொருளாளர் லாசரஸ் இதனை ஒப்பவில்லை. முதலிடம் முடிச்சூர் ஏரிக்கே உரியது என்பது அவர் கட்சி. அவர் வீடு அவ்வேரிக்கரையில் இருந்தது. முடிச்சூருக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இன்று கோவளத்தில் ஒரு பூநாரையேனும் தென்படாவிடில் பட்டியலும் செயலாளர் பதவியும் லாசரஸ் கைக்கு மாறும் என்று தீர்மானமாகியிருந்தது.

உறுப்பினர்கள் எழுவரும் ஆறரை மணிக்கு வாடகை வேனிலிருந்து இறங்கினர். கழிமுகத்தில் இரண்டு கொக்குகளும் ஓர் எருமையும் நின்றன.

"செக்ரட்டரி, நீங்க சொன்ன பூநாரை அதுதானா?" என்று லாசரஸ் எருமையைக் காட்டினார். "கொஞ்சம் கறுத்திருக்கு."

மணி ஏழே முக்கால் ஆயிற்று. இரும்புலியூரில் கல்யாணச் சவாரி காத்திருப்பதாக ஓட்டுநர் துளசிங்கம் இரண்டு முறை நினைவூட்டினார். அப்பொழுதுதான் தலைவர் ஜெபசீலன் ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தம் தொப்பியைக் கழற்றினார்.

"ஆரம்ப ஜெபமே இன்னும் செய்யலையே. அப்புறம் பறவை எப்படி வரும்?"

அனைவரும் கண்களை மூடினர். ஐயாவின் ஜெபம் நீளத்திற்குப் பேர்போனது. பறவைகள் படைக்கப்பட்ட ஐந்தாம் நாளில் தொடங்கினார். நோவாவின் காகத்தையும் புறாவையும் கடந்து, வனாந்தரத்துக் காடைகளை அடைந்தார். அவ்வேளையில் வானத்தில் பெருஞ்சிறகொலி எழுந்தது. வேதசிரோமணி கண்ணைத் திறந்தார்.

பூநாரைகள். வரிசை வரிசையாக, ரோஜா நிறத்தில், முப்பதடி தூரத்தில் இறங்கி நின்றன.

கூவ வேண்டும் போல் இருந்தது. ஆயினும் ஜெபத்தின் நடுவே எவ்வாறு கூவுவது? ஞாயிறு பள்ளியில் கண் திறந்த பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவர் அவர். ஆமெனுக்குக் காத்திருந்தார். ஐயாவோ எலியாவின் காகங்களுக்குச் சென்று, பேதுருவின் சேவலைத் தொட்டு, காசுக்கு விற்ற அடைக்கலான் குருவிகளில் நிலைத்தார். துளசிங்கம் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினார். பூநாரைகள் ஒருசேர எழுந்து, தெற்கே பறந்து மறைந்தன.

"ஆமென்," என்றார் ஐயா.

இரண்டு கொக்குகள், ஓர் எருமை.

"அப்ப முடிச்சூர்தான்," என்று லாசரஸ் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த முத்தாலம்மாள் சிரித்தாள். "இன்னா சார் இது? அம்மாந்தூரத்துலேர்ந்து பாக்க வந்துட்டு, அது வந்து குந்தசொல்ல எல்லாரும் கண்ண மூடிக்கினீங்களே."

"அந்தம்மா மெம்பர் இல்லை. சாட்சி செல்லாது," என்றார் லாசரஸ்.

வேதசிரோமணியின் நெஞ்சில் பதவியும் பக்தியும் மல்லுக்கட்டின. பதவி வென்றது.

"நான் பார்த்தேன். நாற்பத்தியொண்ணு."

"ஜெபத்துலயா கண்ணைத் திறந்தீங்க?" என்று லாசரஸ் பேராயர் தொனியில் வினவினார்.

"திறந்தேன்."

ஞாயிறு பள்ளி ஆசிரியை யூனிஸ் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நாற்பத்திமூணு அண்ணா. பின்னாடி சாம்பல் நிறத்துல ரெண்டு குஞ்சு."

"ரெண்டு இல்லைம்மா, மூணு," என்று திருத்திய லாசரஸ், அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மற்ற மூவரும் இருமினர். பின்பு அனைவர் பார்வையும் தலைவர்மேல் திரும்பியது. அவர் மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

"காடையோடயே முடிச்சிருப்பேன்," என்றார். "கண்ணுக்கு எதிர்ல வந்து நின்னுதுங்க. ஆமென்னு சொன்னா நீங்கள்லாம் சத்தம் போட்டு விரட்டிடுவீங்க. அதான் குருவி வரைக்கும் இழுத்தேன்."

பட்டியலில் கோவளம் முதலிடம் பெற்றது. செயலாளர் பதவி வேதசிரோமணியிடமே நிலைத்தது. எண்ணிக்கை குறித்து மட்டும் ஒருமனம் ஏற்படவில்லை. கூட்டம் காலை எட்டு மணி பதினோரு நிமிடத்திற்கு முடிவுற்றது.