மார்செலினின் பெயர் உள்ள கல்

என் சமையலறை ஜன்னல் கல்லறைத் தோட்டத்து வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. நான் வேவு பார்க்கிறேன் என்று பக்கத்து வீட்டு மார்செலின் ஊரெல்லாம் சொல்கிறாள். கேரட் நறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

அவளுடைய முதல் புருஷன் காஸ்தோன் அங்கேதான் கிடக்கிறான். அவளைத் தனியாக ரொட்டி வாங்கக்கூட விடாதவன். சாவதற்கு முன்பே இருவருக்குமாக இடம் வாங்கி, கல்லில் தன் பெயரோடு அவள் பெயரையும் செதுக்க வைத்துவிட்டான். அடியில் ‘பெர்பெத்துயிதே’. அதாவது, இந்த இடம் என்றென்றைக்கும் இவர்களுடையது.

வாங்கியவன் போய்விட்டதால் இனி அந்தக் கல்லில் யாரும் கை வைக்கக் கூடாதாம். கேட்பாரற்றுப் பாழாய்க் கிடந்தால் மட்டும் நகராட்சியே கல்லைப் பெயர்த்துவிடும். அதற்காகவே மார்செலின் முப்பது வருஷமாக ஒரு பூகூட வைக்கவில்லை. புனிதர் திருநாளன்று ஊரே சாமந்தித் தொட்டியோடு கல்லறைகளுக்குப் போகும். இவள் வீட்டில் முயல் சமைப்பாள்.

இரண்டாவது புருஷன் ஃபெர்னான் லத்தீன் வாத்தியாராக இருந்தவர். ஒரு நாள் இருவரும் என் வீட்டில் காபி குடிக்கும்போது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கல்லுல இருக்கிற அந்த வார்த்தைக்கு வேர் என்ன தெரியுமா? ‘பெர்’னா ஊடே, கடைசி வரைக்கும். ‘பெத்தெரே’னா ஒண்ணைத் தேடிப் போறது. நடுவுல நிக்காம தேடிக்கிட்டே போறதுதான், பின்னாடி என்னென்னைக்கும்னு ஆயிடுச்சு.”

“யாரைத் தேடி?” என்றாள் மார்செலின்.

“வார்த்தையைச் சொன்னேன்டி.”

“உங்க வாத்தியார்தனத்துல தீய வைக்க.” காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இலையுதிர் காலத்தில் நகராட்சி ஆள் பார்வையிட வந்தார். நானும் சும்மா மார்செலினுக்குத் துணையாகப் போனேன். சிலுவை சாய்ந்து, முட்புதர் மண்டி, காஸ்தோன் பெயரைப் பாசி தின்றிருந்தது. மார்செலின் முகத்தில் கல்யாணக் களை. நகராட்சி ஆள் குச்சியால் முள்ளை விலக்கினார். உள்ளே அவள் பெயர் மட்டும் எழுத்து எழுத்தாகத் துடைத்துவைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது.

“யாரோ கவனிச்சுக்கறாங்க மதாம். இதைப் பாழ்னு எழுத முடியாது.”

“இவளாத்தான் இருக்கும்,” என்று என்னைக் காட்டினாள்.

“முள்ளுக்குள்ள கைவிட எனக்கென்ன பைத்தியமா? இங்க யாரும் வரலை. வந்தா எனக்குத் தெரியாதா?” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மறுநாள் பட்டப்பகலில் மார்செலின் இரும்பு அரத்தோடு உள்ளே போனாள். சட்டமாவது மண்ணாவது. ஃபெர்னான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். சாயங்காலம் வரை ராவும் சத்தம் கேட்டது. பிறகு என் கதவைத் தட்டினாள். தலையெல்லாம் கல்தூள்.

“அழிஞ்சுதா?”

“அழிஞ்சுது. ஒரு எழுத்து இல்ல.”

“அப்புறம் என்ன மூஞ்சி?”

“இந்த வயசுல இவ்வளவு நேரம் ராவியிருக்கேன், கை வலிக்கவே இல்லடி. என் கை மேல யாரோ கை வெச்சுக் கூடவே தள்ளின மாதிரி இருந்துச்சு.”

என் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். மணிக்கட்டு வரை, பிறகு முழங்கை வரை. ஃபெர்னான் வந்து துண்டை நீட்டியபடி நின்றார். அவள் கழுவிக்கொண்டே இருந்தாள்.