ஜமாபந்தியில் ஒரு ஜெயில் மனு

ஜெயிலிலிருந்து வந்து பதினொரு நாளாகியும் ஆதிலட்சுமியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றவள் கொல்லைக்குப் போவாள். அங்கிருந்து கழனியைப் பார்க்க நடப்பாள். பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய்த் திரும்புவாள். அதற்குள் சோறு குழைந்திருக்கும்.

"இன்னாமே, பேய் புடிச்ச மாதிரி சுத்திக்கினு கீற?" என்றான் புருஷன் முத்துகிருஷ்ணன். "அதான் கேஸும் முடிஞ்சி வூடு வந்து சேந்துட்டியே."

கேஸ் பெரியதில்லை. ஏரித் தண்ணீரை யார் முறைக்கு விடுவது என்று மதகடியில் தகராறு. வரப்பை வெட்டிய பங்காளி சேட்டுவை மண்வெட்டிக் காம்பால் தோளில் போட்டுவிட்டாள். சேட்டு போலீசுக்குப் போனான். உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்த ஓர் ஊரின் சப்-ஜெயிலில் அவளை அடைத்தார்கள். ஜாமீனுக்கு ஆள் பிடித்து அலைந்ததில் ஒன்பது நாள் ஓடிவிட்டது. வெளியே வந்ததும் சேட்டுவே ராஜிக்கு வந்தான். அவன் தோள் வீக்கம் வடிந்தது. இரண்டு கழனிக்கும் தண்ணீர் பாய்ந்தது.

முடியாமல் நின்றது பாஞ்சாலியின் கதைதான்.

அந்த ஜெயிலில் பெண்களுக்கு ஒரே அறை. ஆதிலட்சுமி போனபோது பாஞ்சாலி அதில் ஏற்கெனவே இருந்தாள். கல் உடைக்கிற கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனவள். எங்கோ ஒரு வீட்டில் பித்தளை அண்டா காணவில்லை என்று பிடித்து வந்திருந்தார்கள். ஏழு மாதமாயிற்று. கூட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது. கோர்ட்டுக்கு அழைத்துப்போக ஆளில்லை என்று வாய்தா மேல் வாய்தா. அவள் திருடியதாகவே தீர்ப்பானாலும் மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்காது என்று வார்டரே சொன்னான்.

குளியல் வாரத்துக்கு இரண்டு தடவை, நடு முற்றத்துக் கிணற்றடியில். சுற்றிலும் ஆண் கைதிகளின் கம்பிக் கதவுகள். கட்டிய சேலையோடு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு அறைக்குத் திரும்ப வேண்டும். முதல் தடவை ஆதிலட்சுமி மாட்டேன் என்று சுவரோடு ஒண்டிக்கொண்டாள். பாஞ்சாலி எழுந்து வந்து, தன் முந்தானையை இரு கையாலும் விரித்துப் பிடித்து மறைப்பாக நின்றாள். கம்பிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாஞ்சாலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த ஏழு மாதமும் அவளுக்கு மறைப்பாக யார் நின்றார்கள்? இந்தக் கேள்வி அங்கே ஆதிலட்சுமிக்குத் தோன்றவில்லை. தன் வீட்டுக் கொல்லையில், ஓலைத் தடுப்புக்குள் தலைக்கு ஊற்றிக்கொண்டபோதுதான் தோன்றியது. சொம்பு கையில் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்துதான் இந்த அலைச்சல்.

பெண்கள் பள்ளிக்கூடத்து நாமகிரி டீச்சரிடம் போனாள். ஆதிலட்சுமியின் மகள் அவர் வகுப்பில்தான் படித்தாள். டீச்சர் நோட்டுகளை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"வெளி மனுஷா ஜெயிலுக்குள்ள போய்ப் பாத்துட்டு வரலாம்னு விதியே இருக்கு. சர்க்கார் அதுக்கு ஆள் போடணும். அங்க யாரையும் போட்ட மாதிரி தெரியலை" என்றார். "மனு எழுதுவோம்."

இரண்டு மனுக்கள் தபாலில் போயின. ஆதிலட்சுமி தினமும் தபால் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். ஒரு மாதம் கழித்து, அவளைக் கண்டதுமே தலையாட்டிவிடப் பழகிக்கொண்டார் போஸ்ட்மேன்.

ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கிராமக் கணக்குகளைப் பார்க்க சப்-கலெக்டர் வந்து பந்தலில் உட்காருவார். சுற்றுவட்டார ஜனமெல்லாம் மனுவோடு நிற்கும்.

"நேர்ல நின்னு சொன்னாத்தான் எடுபடும்" என்றார் நாமகிரி. "ஆனா ஊரே கேட்டுண்டு இருக்கும். உனக்குப் பொண்ணு வளந்துண்டிருக்கா. யோசிச்சுக்கோ."

வீட்டில் முத்துகிருஷ்ணன் குதித்தான். "ஜெயிலுக்குப் போனது நாலு பேருக்குத்தான் தெரியும். அங்க குளிச்ச கதைய நாப்பது ஊருக்குச் சொல்லப் போறியா? மானம் போயிடும்மே!"

"என்து எப்பவோ போச்சுய்யா. அவளுக்கு இன்னும் போய்க்கினே கீது."

அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டான்.

பந்தலில் அவள் முறை வர மத்தியானமாயிற்று. குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "இங்க நெலம், பட்டா சமாசாரம்தாம்மா. ஜெயிலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனுக்கு வேற எங்க போறதுன்னு தெரிலீங்க" என்று அவள் அங்கேயே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் நகரவில்லை. சப்-கலெக்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னது?" என்றார்.

அவள் சொன்னாள். அறை, வாய்தா, ஏழு மாதம் எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றடிக்கு வந்ததும் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் பாதியிலேயே நிறுத்தினாள். கால் தானாகத் திரும்பப் பார்த்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சேட்டு முன்னால் வந்தான்.

"இவங்க என் அண்ணி முறைங்க. நாந்தாங்க கம்ப்ளெய்ண்ட் குடுத்து உள்ள தள்னவன். அங்க இந்த மாதிரி பண்றாங்கன்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா குடுத்திருக்க மாட்டேங்க. அந்த மனுல என் கையெயுத்தும் போட்டுக்கங்க."

சிரித்தவர்கள் அடங்கினார்கள். ஆதிலட்சுமி மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். சப்-கலெக்டர் பேனாவை எடுத்து, "அந்தப் பெண் பேர் என்ன சொன்னாய்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் யாரிடமும் சொல்லாமல் அந்த ஜெயிலுக்குப் போனார். அடுத்த வாரம் பாஞ்சாலியைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அண்டாவை அவள் எடுத்ததற்குச் சாட்சியே இல்லை. விட்டுவிட்டார்கள். கிணற்றடிக்கு முதலில் கீற்றுத் தட்டி வந்தது, பிறகு சுவர் எழும்பியது. பெண்கள் அறைக்குக் காவலாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். மாதம் ஒரு தடவை ஜெயிலைப் பார்த்து வர இரண்டு பேரை நியமித்தார்கள். அதில் ஒருவர் நாமகிரி.

பாஞ்சாலி விசாரித்துக்கொண்டு ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்தாள். கும்பிடவில்லை, அழவில்லை. போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, "நீ போன மறுநாளே யார்கிட்டயாச்சும் சொல்லுவன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் ஆச்சே" என்றாள்.

ஆதிலட்சுமி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். பாஞ்சாலி பன்னிரண்டு நாள் தங்கி நாற்று நட்டாள். ஒருநாள் விடிந்து பார்த்தபோது ஆள் இல்லை. தன் கூட்டத்தைத் தேடி வந்தவாசிப் பக்கம் போனதாகக் கடைத்தெருவில் சொன்னார்கள்.

டீச்சர் முதல் தடவை ஜெயிலைப் பார்த்துவிட்டு வந்த அன்று, ஆதிலட்சுமி பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்தாள்.

"உள்ள எத்தினி பேரு டீச்சரம்மா?"

"ரெண்டு பேர். அதுல எல்லம்மாள்னு ஒருத்தி, நெறமாசம். ஆஸ்பத்திரிக்கு இன்னும் அனுப்பலை. அனுப்பணும்னு நோட்டுல எழுதிட்டு வந்திருக்கேன்."

"எயுதினா அனுப்பிடுவாங்களா?"

"சொல்ல முடியாது" என்றார் நாமகிரி.

செங்கல்பட்டு பஸ் எதிரே உறுமிக்கொண்டு நின்றது. ஆதிலட்சுமி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்போ செங்கல்பட்டுக்கே போயி சப்-கலெக்டர் ஆபீசுல சொல்லிட்டு வந்துடலாம், ஏறுங்க" என்றாள்.