வெள்ளிச் சிலுவையைக் காணோம்

பெரிய வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை. விவேக் நகரின் ஒரு சின்ன மாதா கோயில். பீடத்துக்குப் பின்னறையில் அலெக்சாண்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் மட்டும் இருந்தது.

சிலுவை இல்லை.

நூறு வருஷத்துப் பீடச் சிலுவை. தேக்கின்மேல் வெள்ளித் தகடு, நான்கு முனையிலும் நீல எனாமல் வில்லைகள். பெட்டிச் சாவி, பூசைச் சாமான்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அலெக்சாண்டரின் இடுப்பில் இருபத்திரண்டு வருஷமாக.

தவறு அவருடையதுதான். நேற்று வியாழன் பூசை முடிந்ததும் வழக்கப்படி பீடத்தை வெறுமையாக்கினார்கள். சாமான்களை ஆளுக்கொன்றாகப் பின்னறைக்குத் தூக்கி வந்தார்கள். அந்த நெரிசலில் பெட்டிக்குள் பார்க்காமலே பூட்டிவிட்டார்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஆயர் இல்லத்திலிருந்து வெள்ளிச் சாமான்களைப் பார்க்க வருகிறார்கள். பெட்டி காலி என்றால் திருடன் யார்? சாவி வைத்திருப்பவன்.

"என்னண்ணா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" மாதர் சங்கத்து ஜோசஃபின் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. உபவாசம்."

"ஒரு வேளை விட்டதுக்கே இப்படியா?"

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அலெக்சாண்டர் பீரோக்களைக் குடைந்தார். மெழுகுவத்தித் தண்டுகள் ஆறும் இருந்தன. சிலுவை மட்டும் கிடைக்கவில்லை. வழிபாடு முடிந்ததும் ஃபாதரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

மூன்று மணி. கோயில் நிரம்பி வழிந்தது. ஃபாதர் ஷெர்வின் ஊதாத் துணி சுற்றிய சிலுவையை ஏந்தி வந்தார்; இந்த வழிபாட்டுக்கு எப்போதும் மரச்சிலுவைதான். தவக்காலத்தில் சிலுவைகளையெல்லாம் மூடுவது அலெக்சாண்டரின் வேலை. மூடிய பிறகு குருவைத் தவிர யாரும் பிரிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஃபாதர் 'திருச்சிலுவை மரம் இதோ' என்று பாடியபடி துணியின் மேல்முனையை அவிழ்த்தார்.

நீலம் மின்னியது. சுற்றிலும் வெள்ளி.

ஃபாதர் ஒரு நொடி நிறுத்தி, சமாளித்துத் தொடர்ந்தார். அலெக்சாண்டர் இருந்த இடத்திலேயே மண்டியிட்டுவிட்டார். நல்லவேளை, கோயிலே மண்டியிடும் நேரம் அது. யாரும் கவனிக்கவில்லை.

சிலுவையை உதட்டால் தொட்டு முத்தி செய்ய வரிசை நகர்ந்தது. அலெக்சாண்டர் முத்தி செய்துவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றார்.

"இப்பதானே போனீங்க?" என்றாள் முன்னால் நின்ற ஜோசஃபின்.

"ஏம்மா, மரச்சிலுவை எங்க?"

"புதன்கிழமை அதோட கை கழண்டுச்சுன்னு தச்சருகிட்ட குடுத்தேனே. நேத்து பீடத்துலேர்ந்து தூக்கிட்டு வந்ததுல இன்னொண்ணு துணி சுத்தி இருந்துச்சு. அதை இன்னிக்கு வழிபாட்டுக்குன்னு எடுத்து வெச்சேன்."

"பிரிச்சுப் பார்த்திருக்கலாம்ல?"

"தொட்டா நீங்க சும்மா விடுவீங்களா?"

அலெக்சாண்டருக்குச் சிரிப்புதான் வந்தது.

மாலையில் சிலுவையைப் பெட்டிக்குள் வைத்தார். பூட்டினார். மறுபடி திறந்து பார்த்துப் பூட்டினார். பிறகு நேராக ஜோசஃபின் கஞ்சி ஊற்றும் இடத்துக்குப் போனார்.

"உபவாசம்னீங்க?"

"முடிஞ்சுதும்மா. ரெண்டு கரண்டி சேர்த்து ஊத்து."