சுண்ணாம்பு குடித்த காற்று

கண்ணாடிக் குவளையில் கிடந்த வெள்ளைக் கட்டியின் மேல் உர்சுலா வினிகரை ஊற்றினாள். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"பாத்தீங்களா! புதுச் சுண்ணாம்புல ஊத்துனா இப்படிப் பொங்காது. இது திறந்து கிடந்து, காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் குடிச்சுக் கல்லாயிடுச்சு. அதான் இப்ப வெளியே வருது!"

"சமையக்கட்ட நாசம் பண்ணாத உர்சு," என்றான் அவள் கணவன் பெர்னார்ட். ஆனால் அவன் முகத்தில் பெருமைதான். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் பிஸ்கட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் உர்சுலாவுக்கு வேலை. அது 1984. தொழிலாளர்கள் குழுவாகக் கூடி யோசனை சொல்லும் கியூசி வட்டங்கள் ஊரெங்கும் முளைத்திருந்தன. சிறந்த யோசனைக்குப் பரிசு, ஜப்பானின் தோக்கியோவுக்குப் பயணம். கொதிகலன் புகையிலிருக்கும் கரியமில வாயுவால் உலகம் சூடாகிறதாம். அதைச் சுண்ணாம்பால் பிடித்துவிடலாம் என்பது உர்சுலாவின் யோசனை. அவள் தோக்கியோ போகப்போவதாகப் பெர்னார்ட் மாதா கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லி, அவளுக்குக் குளிர்கோட்டும் இரவல் வாங்கிவிட்டான்.

மறுநாள் விளக்கக் கூட்டம். செய்து காட்டப் பெரிய டின் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. கேம்பல் லேனில் வெற்றிலை பாக்கு விற்கும் ஒலி முகம்மதுவின் கடைக்குப் போனாள்.

"இவ்வளவு சுண்ணாம்பா? கல்யாண வீடா தங்கச்சி?"

"ஆராய்ச்சி பாய். இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"மலேசியா, ஈப்போ. அங்க மலையையே வெட்டிச் சூளையில போட்டு எரிக்கிறான். எரிஞ்ச கல்லுல தண்ணி ஊத்துனா நம்ம சுண்ணாம்பு."

சில்லறையை வாங்க நீட்டிய உர்சுலாவின் கை அப்படியே நின்றது. வாயுவைக் குடித்தால் சுண்ணாம்பு கல்லாகிறது. அப்படியென்றால் கல்லை எரிக்கும்போது? அதே வாயு ஈப்போ வானத்துக்குப் போயிருக்கும். சூளை விறகின் புகை அதற்கு மேல். விட்டதைத்தான் திரும்பப் பிடிக்கிறோம். அதுவும் முழுக்க இல்லை.

வீட்டில் சொன்னதும் பெர்னார்ட் அதிர்ந்தான். "ஈப்போ புகை உங்க மேனேஜர் மூக்குக்கு எட்டவா போகுது? பேசாம இரு. கோட்டு வேற வாங்கியாச்சு!"

"ஆகாயத்துக்கு ஏதுங்க இமிகிரேஷன்?"

கூட்டத்தில் நுரை பொங்கியதும் கைதட்டல் எழுந்தது. மேனேஜர் பாலகிருஷ்ணன் எழுந்தே நின்று தட்டினார். அந்த நொடியில் உட்கார்ந்திருந்தால் தோக்கியோ அவளுக்குத்தான். உர்சுலா சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு சூளை வரைந்தாள். அதன் மேல் பெரிதாகப் புகை.

"சார், இதையும் கணக்குல சேர்க்கணும். சேர்த்தா நம்ம யோசனை நஷ்டம்."

மேனேஜர் மெல்ல உட்கார்ந்தார். உறைக்காகிதத்தை மிச்சப்படுத்திய குழுவுக்குப் பயணம் போயிற்று.

வாசலில் காத்திருந்த பெர்னார்ட் அவளோடு பேருந்தில் ஏறினான். ஆர்ச்சர்ட் சாலை தாண்டியதும் மெல்லக் கேட்டான்: "ஏன் உர்சு, எரிக்காமலே இந்த வாயுவக் குடிக்கிற கல்லு எதுவும் இல்லையா?"

அவள் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவன் இதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

"தெரியலையே. மலையெல்லாம் மழையில நனைஞ்சுக்கிட்டுத்தானே நிக்குது? அந்தக் கல்லு காத்தை என்ன பண்ணும்?"

"என்னைக் கேட்டா?"

உர்சுலா எழுந்து மணியை அழுத்தினாள். "இறங்குங்க. ஸ்டாம்ஃபோர்ட் ரோட் லைப்ரரி இன்னும் மூடியிருக்க மாட்டாங்க."